தள்ளாடாத கால்கள்

என் தாத்தாவைப் பற்றி உறவினர்கள் இன்றும் ஒரு பேச்சுப் பேசுவார்கள். "எவ்வளவு மது உள்ளே போனாலும் மனிதர் நூல் பிடித்தது போல நேராக நடப்பார்." அப்பாவுக்கும் அதே புகழ் கிடைத்தது. விருந்துகளில் மற்றவர்கள் உளறவும் சரியவும் தொடங்கிய பிறகும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய கொடுக்கல் வாங்கலைப் பைசா பிசகாமல் பேசிக்கொண்டிருப்பார். விழுந்தவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்கவைப்பவரும் அவர்தான். "உன் அப்பாவுக்குத் தாங்கும் சக்தி அதிகம்" என்று என் தம்பியின் தோளைத் தட்டிச் சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை.

தாத்தா அறுபது வயதைத் தொடவில்லை. அப்பா கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கடைசி நாட்களில் எங்களையே அடையாளம் தெரியாமல் இறந்தார். தம்பி முப்பத்தைந்து வயதுக்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டான். தாங்கும் சக்தி என்று எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடியது, உண்மையில் நோய்க்கு வழிவிடும் ஓர் உடற்கூறு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். மதுவைத் தொட்டதில்லை. அப்படியானால் இது எனக்கு எதற்கு என்று கேட்கலாம். மதுவோடு முடிகிற விஷயமாக இருந்தால் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. தூக்க மாத்திரை, பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை, வலிப்பை அடக்கும் ஊசி, சிறு அறுவைக்கு முன் கொடுக்கும் மயக்க மருந்து எனப் பலவும் மூளையில் மது தொடும் அதே இடத்தைத்தான் தொடுகின்றன. ஒரு துளி குடிக்காதவர்களும் வாழ்க்கையில் ஒரு முறையாவது இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள நேரிடலாம்.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது தம்பியின் படுக்கை அருகே. அவன் குடியை நிறுத்திய மறுநாள் கை நடுக்கம் தொடங்கியது. உடல் முழுக்க வியர்வை, தூக்கமில்லை, சுவரில் ஏதோ ஊர்வதாகச் சொன்னான். மருத்துவர் குளோர்டயாசிபாக்சைடு எழுதினார். காலை, மதியம், இரவு என்று ஒரு நாளைக்குக் கொடுத்த அளவைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அது ஆளை உறங்கவைக்கும் மருந்து என்பது எனக்குத் தெரியும். அவனோ கண்ணை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இது வேலை செய்கிறதா இல்லையா என்று டாக்டரிடம் கேள்" என்றான்.

கேட்டேன். அந்த மருத்துவர் பொறுமைசாலி. நான் ஆசிரியை என்று தெரிந்ததும் ஒரு தாளில் படம் வரைந்தே விளக்கினார். மூளையின் நரம்புச் செல்களை அமைதிப்படுத்தும் முதன்மையான வேதிப்பொருள் காபா. அது செல்லின் மேற்பரப்பில் உள்ள காபா-ஏ ஏற்பியில் போய் ஒட்டியதும் அதிலுள்ள துவாரம் திறக்கிறது. குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன. செல் கிளர்ச்சியடைவது கடினமாகிறது. குளோர்டயாசிபாக்சைடு அடங்கிய பென்சோடயாசிபைன் வகை மருந்துகள் அந்த ஏற்பியின் வேறொரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு துவாரம் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. மதுவும் காபாவின் வேலையைக் கூட்டுகிறது. கூடவே, செல்களைத் தூண்டும் குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பிகளை மந்தப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி அழுத்தம் கொடுத்தால் மூளை சும்மா இருக்காது. அமைதிப்படுத்தும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் தூண்டுதல் மட்டும் எஞ்சும். நடுக்கமும் வலிப்பும் பிரமையும் அதனால்தான் வருகின்றன. மது விட்டுப்போன இடத்தை அந்த மருந்தால் நிரப்பி, பிறகு நாளுக்கு நாள் அளவைக் குறைப்பதுதான் சிகிச்சை. 1960இல் சந்தைக்கு வந்த குளோர்டயாசிபாக்சைடுதான் பென்சோடயாசிபைன் குடும்பத்தின் மூத்த மருந்து. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. இன்றும் குடியை நிறுத்துபவர்களுக்குப் பெருமளவில் கை கொடுப்பது அதுதான்.

மதுவுக்குப் பழகிய மூளை இந்த மருந்துக்கும் ஓரளவு பழகியே இருக்கும். தம்பி அந்த அளவிலும் விழித்திருந்ததன் காரணம் அதுவே. அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. குடித்துக் குடித்து மூளை இப்படி ஆனதா, அல்லது இப்படிப்பட்ட மூளையோடு பிறந்ததால்தான் அவன் அவ்வளவு குடித்தானா? முதன்முதலில் குடித்த நாளிலேயே தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவன் பெருமையாகச் சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. கூடக் குடித்த நண்பர்கள் அன்று வாந்தி எடுத்தார்களாம்.

இந்தக் கேள்வியைப் பலர் எனக்கு முன்பே கேட்டு, விடை தேடி உழைத்திருக்கிறார்கள். பரம்பரையா, வளர்ப்பா என்பதைப் பிரித்துப் பார்க்க டொனால்ட் குட்வின் குழுவினர் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோரைப் பிரிந்து வேறு வீட்டில் வளர்ந்த ஆண்கள் அவர்கள். 1973இல் வெளியான முடிவில், பெற்ற தாய் தந்தையரில் ஒருவருக்குக் குடிநோய் இருந்த மகன்களில் 18 விழுக்காட்டினர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். அப்படி இல்லாத பெற்றோரின் மகன்களில் 5 விழுக்காட்டினர். குடிக்கும் தந்தையை அவர்கள் பார்த்து வளரவே இல்லை. இரட்டையர் ஆய்வுகளையும் தத்து ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், குடிநோய்க்கான ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபணுக்களிலிருந்து வருகிறது.

அந்தப் பாதி உடலில் எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடியவர்களில் மார்க் ஷுக்கிட் முக்கியமானவர். இந்த மனிதரின் ஆய்வைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கதையை யாரோ எழுதி வைத்திருப்பதாகத் தோன்றியது. அமெரிக்காவின் சான் டியாகோவில், 1970களின் இறுதியிலிருந்து, இருபது வயதை ஒட்டிய இளைஞர்களை அழைத்து வந்தார். குடிநோயாளிகளின் மகன்கள் ஒரு பக்கம். அந்தக் குடும்ப வரலாறு இல்லாதவர்கள் மறு பக்கம். இரு பக்கத்தாரும் ஏற்கெனவே குடித்துப் பார்த்தவர்கள், ஆனால் நோயாளிகள் ஆகாதவர்கள். எடைக்கேற்ற அளவில் மது கொடுத்து, எவ்வளவு போதை ஏறியதாக உணர்கிறார்கள் என்று கேட்டார். நிற்கவைத்து உடல் எவ்வளவு அசைகிறது என்று அளந்தார். இரத்தத்தில் ஹார்மோன் மாற்றங்களைப் பார்த்தார். இரு பக்கத்திலும் இரத்தத்தில் மதுவின் அளவு ஒன்றுதான். ஆனால் குடிநோயாளிகளின் மகன்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு எதிர்வினை தெளிவாகக் குறைந்திருந்தது. மற்ற பக்கத்தில் அப்படி இருந்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு.

பிறகு அவர் காத்திருந்தார். ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்தார். 1994இல் வெளியான முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. குடிநோயாளிகளின் மகன்களில், இருபது வயதில் மதுவுக்குக் குறைந்த எதிர்வினை காட்டியவர்களில் 56 விழுக்காட்டினர் அதற்குள் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். அதே குடும்ப வரலாறு இருந்தும், மது சட்டென்று தலைக்கேறியவர்களில் 14 விழுக்காட்டினரே அப்படி ஆனார்கள். தள்ளாடியவன் பிழைத்தான், நிமிர்ந்து நின்றவன் நோயில் விழுந்தான். காரணத்தை யோசித்தால் எளிமையானதுதான். உடல் "போதும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அதனால் அவன் இன்னொரு கோப்பை எடுக்கிறான். அவனைப் போலவே குடிக்கக்கூடியவர்களோடு சேர்கிறான். அந்தக் கூட்டத்தில் அந்த அளவு இயல்பாகத் தெரிகிறது. கல்லீரலும் இதயமும் மட்டும் கோப்பைகளைச் சரியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இது மதுவோடு நிற்கிறதா, மயக்க மருந்துகளுக்கும் பொருந்துகிறதா? அடுத்து அதைத்தான் தேடினேன். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் நோரா வால்கோவ் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம் மூளையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோராசிபம் என்ற பென்சோடயாசிபைனைக் கொடுத்தால் பொதுவாக மூளை முழுவதிலும் அந்த எரிப்பு குறையும். 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குடியை நிறுத்தியிருந்த நோயாளிகளுக்கு மூளையின் சில பகுதிகளில் அந்தக் குறைவு மற்றவர்களைவிடச் சிறியதாக இருந்தது. ஆனால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தவர்கள். என் தம்பியைப் பற்றி எனக்கிருந்த அதே சந்தேகம் அங்கேயும் இருந்தது.

அதனால் அடுத்த ஆய்வில், குடிநோயாளிகளாக இல்லாத, ஆனால் குடும்பத்தில் குடிநோய் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். 1995இல் வந்தது முடிவு. லோராசிபத்துக்கு அவர்களுடைய சிறுமூளை காட்டிய எதிர்வினை மற்றவர்களுடையதைவிட மங்கலாக இருந்தது. மருந்து கொடுப்பதற்கு முன்பே அவர்களுடைய சிறுமூளையின் குளுக்கோஸ் எரிப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. சிறுமூளை எது என்று என் மாணவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: நடை, நிற்பு, சமநிலை, கையசைவின் நேர்த்தி ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதி. குடித்தவன் தள்ளாடுவது சிறுமூளை மந்தமாவதால்தான். தாத்தாவின் நேரான நடைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் வேறெங்கும் படிக்கவில்லை. அவருடைய மூளையை யாரும் படம் எடுத்ததில்லை. ஆகவே இது என் ஊகம் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. மதுவைச் சுவைத்தே இராத சிறுவர்களிடம் ஏதாவது வித்தியாசம் தெரியுமா? ஹென்றி பெக்லைட்டரும் பெர்னிஸ் போர்ஜெஸும் 1984இல், குடிநோயாளித் தந்தையரின் 7 முதல் 13 வயதுக்குட்பட்ட மகன்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். புதிதாக ஒன்றைக் கண்டதும் சுமார் 300 மில்லிநொடிக்குப் பிறகு எழும் ஒரு அலை, பி300 என்பது அதன் பெயர், அந்தப் பையன்களிடம் தாழ்ந்திருந்தது. இந்தியாவிலும் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் விவேக் பெனகல் குழுவினர், குடும்பத்தில் பலருக்குக் குடிநோய் இருந்த, தாங்கள் இன்னும் குடிக்காத இளையோரின் மூளையை ஸ்கேன் செய்து, சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் பருமன் குறைந்திருப்பதை 2007இல் வெளியிட்டார்கள். பி300 தாழ்ந்திருப்பது குடிநோய்க் குடும்பங்களுக்கு மட்டும் உரிய அடையாளம் கிடையாது. கவனச் சிதறலும் அடங்காத துடிப்பும் உள்ள பிள்ளைகளிடமும் அது காணப்படுகிறது. எனவே ஒரு குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, அவன் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். என்றாலும், இந்த வேறுபாடுகளில் ஒரு பகுதி முதல் கோப்பைக்கு முன்பே அங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. குடிகாரன் என்று ஒருவனைத் தூற்றுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கும் எனக்கும் உறக்கம் அடியோடு போய்விட்டது. ஒரே மருத்துவர், இருவருக்கும் அல்பிரசோலம் என்ற பென்சோடயாசிபைனை எழுதிக் கொடுத்தார். ஒரே அளவு, சில நாட்களுக்கு மட்டும். அம்மாவின் பிறந்த வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் இல்லை. அந்த மாத்திரையை விழுங்கிய அரை மணி நேரத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனார். மறுநாள் நண்பகல் வரை நாக்கு குழறியது. வயதானவர்களுக்கு இந்த மருந்துகள் கூடுதலாகவே வேலை செய்யும். அதுவும் ஒரு காரணம்.

எனக்கு நடந்தது வேறு. கை கால் தளரவில்லை. படிக்கட்டில் சாதாரணமாக ஏறி இறங்கினேன். ஆனால் மனத்துக்குள், விவரம் தெரிந்த நாளிலிருந்து இறுகியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அந்த மாலை எல்லாமே நன்றாக இருந்தது. அம்மாவின் அழுகைகூடத் தூரத்தில் கேட்டது. உலகம் எப்போதும் இப்படி இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அடுத்த நாள் பிற்பகலிலேயே இரவு மாத்திரையின் நினைவு வந்துவிட்டது. அது உறக்கத்துக்கான ஏக்கம் இல்லை, அந்த மாலை மறுபடியும் வேண்டும் என்ற ஏக்கம். அப்பா அந்தி சாயும்போது வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை எனக்குள் இருப்பதை உணர்ந்தேன். உடனே மருத்துவரை அழைத்துச் சொன்னேன்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் இருந்ததா?" அப்பா எதனால் இறந்தார் என்பது அவருக்குத் தெரியாது. நான் விவரமாகச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சில நாள்தான் எடுத்திருந்ததால் நிறுத்துவதில் சிக்கல் இல்லை. உறக்கத்துக்கு மருந்தில்லாத பயிற்சி முறை ஒன்றைக் கற்றுக்கொடுக்க ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். மெதுவாகத்தான் பலன் தந்தது, ஆனால் தந்தது.

இந்த அனுபவத்துக்கும் ஆய்வுச் சான்று இருப்பதைப் பின்னாளில் அறிந்தேன். டொமினிக் சிராலோ குழுவினர் 1989இல், குடிநோயாளிகளின் மகன்களுக்கும் மற்றவர்களுக்கும் அல்பிரசோலம் கொடுத்து ஒப்பிட்டார்கள். குடிநோயாளிகளின் மகன்கள் கூடுதலான மகிழ்ச்சியை உணர்ந்ததாகச் சொன்னார்கள். வால்கோவின் ஆய்வில் சிறுமூளையின் எதிர்வினை குறைவு, இந்த ஆய்வில் மனத்தை இனிக்கச் செய்யும் விளைவு அதிகம். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு நியூலின், தாம்சன் என்ற இருவர் 1990இல் மதுவை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள்: இரத்தத்தில் மது ஏறும்போது வரும் கிளர்ச்சி இவர்களுக்குக் கூடுதல், இறங்கும்போது வரும் சோர்வும் தள்ளாட்டமும் குறைவு. இன்பம் முழுதாகக் கிடைத்து, தண்டனை கிடைக்காமல் போனால் யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றும்?

எல்லா ஆய்வுகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாரியட் டி விட் போன்றவர்கள் டயாசிபம் என்ற அதே வகை மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டபோது, குடும்ப வரலாறு உள்ளவர்கள் அதை அதிகமாக விரும்பியதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் சிறியது. மரபணுப் பக்கம் பார்த்தால், 1989இல் தொடங்கிய கோகா என்ற பெரிய கூட்டாய்வு, காபா-ஏ ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் காப்ரா2 என்ற மரபணுவைக் குடிநோயோடு தொடர்புபடுத்தி 2004இல் எழுதியது. அந்த ஒரு மரபணுவின் பங்கு சிறியது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்துதான் இந்த நாட்டம் உருவாகிறது. ஆகவே என் அனுபவத்தை விதியாக்கி, குடிநோய்க் குடும்பத்தில் பிறந்த எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஷுக்கிட்டின் 56 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நோயாளி ஆகாத 44 விழுக்காட்டினரும் இருக்கிறார்கள். அவர்களும் குடிநோயாளிகளின் மகன்கள்தான், அவர்களுக்கும் போதை ஏறவில்லைதான்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இந்தச் செய்தியை மருத்துவரிடம் சொல்வதால் நன்மைதான் உண்டு என்பது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் பரம்பரையில் உண்டா என்று கேட்டால் கூசாமல் சொல்கிறோம். குடி என்று வந்தால் வாய் அடைத்துப் போகிறது. இறந்தவரை இழிவுபடுத்துவது போல் இருக்கிறது. என் அம்மா இன்றும் "கல்லீரல் கோளாறு" என்று மட்டும்தான் சொல்வார். அவருடைய வலி எனக்குத் தெரியும். அவரை நான் திருத்துவதில்லை. ஆனால் மருத்துவரின் அறைக்குள் அந்த நாசூக்கு ஆபத்தானது.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எழுதும்போது, குடும்ப வரலாறு தெரிந்த மருத்துவர் வேறு வகை மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது நாட்களைக் குறைக்கலாம், அல்லது விரைவில் திரும்ப வரச் சொல்லிப் பார்க்கலாம். பென்சோடயாசிபைன்களைத் தொடர்ந்து வாரக்கணக்கில் எடுத்தாலே உடல் சார்ந்துவிடும். குடும்ப வரலாறு எதுவும் இல்லாதவர்களுக்கும் இது நடக்கும். அதனால்தான் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகள் அனைத்தின் மீதும் தவறான பயன்பாடு, சார்பு, நிறுத்தும்போது வரும் சிக்கல் ஆகியவற்றைப் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பல நாட்களாக எடுத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதே காபா-ஏ ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. பெயர் வேறாக இருப்பதால் அவற்றை வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மாத்திரை "வேலை செய்யவில்லை" என்ற எண்ணம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கண் சொக்கவில்லை, கால் தளரவில்லை, ஆகவே இன்னொன்று போடலாம் என்று தோன்றும். கண் சொக்காததை வைத்து, மூச்சைக் கவனிக்கும் மூளைத்தண்டும் பாதிக்கப்படவில்லை என்று முடிவு கட்ட முடியாது. கூடவே மதுவோ ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். உறக்கத்தில் நடப்பதால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். அவர்கள் பயன்படுத்தும் மிடாசோலம், புரோபபோல் ஆகியவையும் காபா-ஏ வழியாகவே வேலை செய்பவை. நீண்ட காலமாக அதிகம் குடிப்பவர்களுக்கு மயக்கம் வரவழைக்கக் கூடுதல் மருந்து தேவைப்படலாம் என்பது மயக்கவியல் மருத்துவர்கள் நன்கு அறிந்தது. குடும்பத்தில் மட்டும் குடி இருந்தால் அளவை மாற்ற வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அவர்கள் எப்படியும் ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே மயக்கம் வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வலி மாத்திரைகளின் வகையையும் எண்ணிக்கையையும் முடிவு செய்ய இந்தச் செய்தி அவர்களுக்கு உதவும்.

தம்பி குடிக்காமல் இருந்து இப்போது ஆண்டுகள் ஆகின்றன. அவன் மகன் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது, அவனிடம் யார் பேசுவது என்று வீட்டில் எல்லாரும் தயங்கினோம். நான் பேசினேன். ஷுக்கிட் பிற்காலத்தில் செய்த ஒரு வேலை எனக்குத் துணிவு தந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிய மாணவர்களில் மதுவுக்குக் குறைந்த எதிர்வினை உள்ளவர்களைக் கண்டறிந்து, அந்தத் தன்மையே ஆபத்து என்பதை விளக்கும் காணொளிகளைக் காட்டினார். பொதுவான அறிவுரைக் காணொளிகளைவிட, தங்கள் உடலைப் பற்றிய இந்தக் குறிப்பான விளக்கம் அவர்களின் குடியை அதிகம் குறைத்தது. தெரிந்துகொண்டால் பயன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தம்பி மகனிடம் "குடிக்காதே" என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சிறுமூளையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு நன்றாகத் தாங்குகிறதே என்று யாராவது மெச்சினால், அந்த இடத்திலேயே கோப்பையைக் கீழே வை" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் அப்பாவுக்கு என் வயதில் யாராவது சொன்னார்களா?" என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்போது யாருக்கும் தெரியாதா?" என்றான். ஷுக்கிட்டின் முடிவு வெளிவந்த ஆண்டில் அவன் அப்பா பள்ளி மாணவன். செய்தி எங்கள் வீடு வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் அவனுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் குடும்ப நோய்களைக் கேட்டிருந்த கட்டத்தில், "தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா: குடிநோய்" என்று அவனே எழுதினான். பக்கத்தில் இருந்த தம்பி அதைப் படித்துவிட்டு, தான் குடியை நிறுத்திய ஆண்டையும் சேர்த்து எழுதச் சொன்னான். மயக்கவியல் மருத்துவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு முன் ஏதாவது தூக்க மாத்திரை எடுத்திருக்கிறாயா, எடுத்தபோது எப்படி இருந்தது என்று அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். வீட்டுக்குத் தரும் வலி மருந்து சாதாரண வகையாகவே இருக்கட்டும் என்று குறிப்பெழுதி, அவனை உள்ளே அழைத்துப் போனார்.